அன்றைக்கு அது வீட்டு விஷயம்

2-2-86, ஞாயிறு

பாத்தி மிதி தொடங்கிவிட்டது. மழையில் ஊறிக் கிடந்த உப்புப் பாத்தியில் சேற்றை வழித்துவிட்டு, தரை இறுகும்வரை காலால் மிதிக்க வேண்டும். இன்று பதினாலு பொம்பளைகள் வரிசையாக நின்று மிதித்தோம். எனக்கு வயசு அறுபத்து நாலு. முதலாளி அர்ச்சுனனிடம் ஐம்பத்தைந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் உண்மையைச் சொல்கிறது.

மிதிக்கும்போது முழுக்கத் தேர்தல் பேச்சுதான். எத்தனையோ வருஷம் கழித்து ஊராட்சித் தலைவருக்கு ஓட்டு வந்திருக்கிறது. அர்ச்சுனன் நிற்கிறார், பூட்டுச் சின்னம். ராஜவேல் நிற்கிறான், ஏணிச் சின்னம்.

அவன் பேரை எழுதக் கை வரவில்லை. என் மருமகனாக இருந்தவன். 71ஆம் வருஷம் ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, அடைமழை. என் மகள் சுலோசனா கடைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு வேட்டியையும் ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு போனான். குடை எங்கள் வீட்டுக் குடை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இடியாப்பம் விற்கிற மெஹரூன்னிசா வீட்டுக்குப் போனான். கோட்டக்குப்பத்திலிருந்து வந்த விதவை அவள். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

இவன் ஊருக்குத் தலைவராம்.

5-2-86, புதன்

நியாயத்தையும் எழுத வேண்டும். இல்லையென்றால் இந்த நோட்டு எதற்கு? முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டது பொய் எழுதுவதற்கு இல்லை.

மூணு வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், எங்களோடு உப்பு சுமந்த வசந்தா கூடையோடு பாத்தியில் விழுந்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ரோட்டுக்குத்தான் ஓட வேண்டும். நாங்கள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் போய்விட்டாள். உப்புத் தொழிலாளர் சங்கத்துக்காரன் ராஜவேல்தான் அர்ச்சுனன் ஆபீஸ் வாசலில் நாலு நாள் உட்கார்ந்தான். போலீஸ் வந்தும் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் பாத்திக்குத் தண்ணீர் டிரம் வந்தது.

அவன் வாங்கித் தந்த தண்ணீர் என்று அதை நான் தொடவில்லை. வீட்டிலிருந்து சொம்பில் கொண்டுபோனேன். ஆறு மாசம். அப்புறம் குடித்தேன். தாகம் எடுத்தால் என்ன செய்வது?

இப்போது ஜெயித்தால் பாத்திவரைக்கும் குழாய் போடுவேன், உட்கார நிழல் கட்டுவேன் என்கிறான். செய்வான் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எரிகிறது.

9-2-86, ஞாயிறு

அர்ச்சுனனின் ஆள் குழந்தைசாமி தாம்பாளத்தோடு வந்தான். வெற்றிலை, மஞ்சள், கற்பூரம். ஓட்டுக்குச் சத்தியம் வாங்க வீடு வீடாகப் போகிறார்கள். என்னிடம் ஓட்டு கேட்கவில்லை.

"ஆயா, வர்ற ஞாயித்துக்கெழம நம்ம தேர்தல் கூட்டத்து மேடைக்கு வாங்க. உங்க வீட்ல நடந்தத மறைக்காம சொன்னாப் போதும். பொய் ஒண்ணும் வேணாம். ஊர்ல உங்க ஞாபகத்துக்கு மிஞ்சின சாட்சி யாரு?"

உண்மைதான். எல்லைத் தகராறு என்றாலும், யாருக்கு எந்த வருஷம் கல்யாணம் என்றாலும், என்னிடம்தான் வந்து கேட்பார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பதினைந்து வருஷமாக யாரும் கேட்டதில்லை. இவன்தான் கேட்டான். பொண்டாட்டிக்கு உண்மையாக இல்லாதவன் ஊருக்கு எப்படி உண்மையாக இருப்பான் என்று குழந்தைசாமி கேட்டான். நான் மனசுக்குள் ஆயிரம் தடவை கேட்டதுதான்.

கற்பூரத்தைக் கொளுத்தினான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன் என்று சொல்லி, கையால் அடித்து அணைத்தேன். உள்ளங்கை இன்னும் கறுப்பாக இருக்கிறது.

11-2-86, செவ்வாய்

நோட்டீஸ் ஒன்று சுற்றுகிறது. யார் அச்சடித்தது என்று கீழே பேர் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ராஜவேல் என் மகளுக்குச் செய்தது அதில் ஒரு வரி. மீதி முழுக்க மெஹரூன்னிசாவின் சாதி சனம், அவள் தொழுகை, அவள் வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்பது. எழுதக் கூசுகிற வார்த்தைகள். அவள் இடியாப்பக் கடை இரண்டு நாளாகத் திறக்கவில்லை.

அவளை எனக்குப் பிடிக்காது. எதிரில் வந்தால் தெருவை மாற்றிப் போகிறவள் நான். ஆனால் என் கோபம் அவன் சொல்லாமல் ஓடினதுக்கு. அவள் எந்த வீட்டில் பிறந்தாள் என்பதற்கு இல்லை. என் கோபத்தை வாங்கிக்கொண்டு போய் வேறு எதையோ ஊற்றிக் கலக்கி விற்கிறார்கள்.

12-2-86, புதன்

நான் மேடை ஏறப் போவது சுலோசனாவுக்குத் தெரிந்துவிட்டது. சமைக்கவில்லை. விளக்கு வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பதினஞ்சு வருஷமா உன் வாயில கெடக்கறேன்மா. இப்ப மைக்கு வேற வெச்சு சொல்லப் போறியா? அது உன் கதையா?"

சத்தியம் பண்ணிட்டேன்டி என்றேன்.

"பண்ணிட்டியா? அப்ப முழுசா சொல்லு. அவன் போனப்ப நீ கூட்டின ஊர்க்கூட்டத்துல என்ன சொன்னாங்கன்னு சொல்லு. நீ என்ன பண்ணேன்னும் சொல்லு."

நான் என்னடி பண்ணேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னைய அந்தப் பொம்பள வீட்டு வாசல்ல மூணு நாள் மழையில உக்கார வெச்சியே. புருசன் வெளிய வர்றவரைக்கும் எழுந்து வராதன்னு சொன்னியே. ஊரே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. அவ கதவத் தெறந்து, உள்ள வந்து உக்காரும்மா, நனையறியேன்னா. உனக்கு பயந்துதான் நான் போகல. அவன் போனது ஒரு நாளு. நீ உக்கார வெச்சது மூணு நாளு."

பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குடை ஞாபகம் இருக்கிறது. கிழமை ஞாபகம் இருக்கிறது. இது எனக்கு எப்படி—

மறக்கவில்லை. அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறேன். தெருவை மாற்றிப் போகிற மாதிரி.

14-2-86, வெள்ளி

ராஜவேல் வந்தான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. வாசலுக்கு வெளியிலேயே நின்றான். நானும் உள்ளே கூப்பிடவில்லை. சுலோசனா வேலைக்குப் போயிருந்தாள், முழங்கால் வலியில் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். அது தெரிந்துதான் வந்திருப்பான்.

மேடைக்கு வர வேண்டாம் என்றான். தனக்காக இல்லையாம், மெஹரூன்னிசாவுக்காகக் கேட்கிறானாம். அவள் வெளியே தலை காட்ட முடியவில்லையாம். அப்போது என் மகள் மட்டும் தலை காட்டினாளா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். நரைத்துவிட்டது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும் என்றேன். "போலீஸ் லத்திய ஓங்கறப்ப எழுந்திருக்காதவன், பொண்டாட்டி மொகத்தப் பார்த்து போறேன்னு ஏன்டா சொல்ல முடியல?"

"பயமா இருந்துச்சு அத்தை" என்றான்.

அவன் போன பிறகு ரொம்ப நேரம் யோசித்தேன். வீட்டில் கோழை, வெளியில் வீரன். இரண்டு பேரும் ஒரே ஆளா? அர்ச்சுனன் அப்படியே நேர்மாறு. ஒரே பொண்டாட்டி, வருஷா வருஷம் மயிலம் முருகன் கோயிலுக்கு நடந்தே போகிறார், பீடி கூடக் கிடையாது. வசந்தா செத்த அன்றைக்கும் தங்கமான மனுஷன்தான். தண்ணீரை மட்டும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் நல்லவன் எனக்கு எதற்கு ஆவான்? ஆனால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. என் மகள் அழுததை நான் பார்த்தவள்.

15-2-86, சனி

தூக்கமில்லை. கால் மிதிக்கப் போனது, மனசு போகவில்லை.

16-2-86, ஞாயிறு

போனேன். சுலோசனா கூட்டத்தின் ஓரத்தில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அர்ச்சுனன் எழுந்து கும்பிட்டார். ஒரு தனிமனிதனின் ஒழுக்கம் ஊர் விஷயம் என்று பத்து நிமிஷம் பேசினார். அப்புறம் மைக்கை என் பக்கம் திருப்பினார்கள்.

நான் வரிசையாகச் சொன்னேன். ஐப்பசி, செவ்வாய், மழை. சொல்லாமல் போனான் என்றேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அடுத்தது சொன்னேன். கார்த்திகை மூணாம் தேதி மாரியம்மன் கோயிலில் ஊரைக் கூட்டினேன். நியாயம் கேட்டேன். அப்போது நாட்டாமை இதே அர்ச்சுனன். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்றேன் என்றேன்.

"'ஏம்மா, இது வீட்டு விஷயம். இதுக்கெல்லாம் ஊரக் கூட்டலாமா? பொண்ணுக்குப் புத்தி சொல்லி வீட்டோட வெச்சிக்க.' இப்படிச் சொன்னீங்க. அன்னைக்கு வீட்டு விஷயம், இன்னைக்கு எப்படிங்க ஊர் விஷயமாச்சு? என் பொண்ணு அழுதப்ப இல்லாத ஒழுக்கம் ஓட்டு வந்ததும் எங்கேந்து வந்துச்சு?"

மைக் செத்துவிட்டது. குழந்தைசாமி மிஷின் கெட்டுவிட்டது என்று ஓடினான். முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மைக் இல்லாமலும் சொல்லியிருக்கலாம். என் குரல் பாத்திக்கு அந்தப் பக்கம் கேட்கும். சொல்லவில்லை. இறங்கிவிட்டேன். மைக் அணைந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இதை இங்கே எழுதியாக வேண்டும்.

சுலோசனா என்னோடு நடந்து வந்தாள்.

17-2-86, திங்கள்

பாத்தியில் மிதிக்கும்போது எல்லார் முன்னாலும் சொன்னேன். என் மகளை அந்த வாசலில் உட்கார வைத்தது நான். அவள் அவமானத்தில் பாதி என் கையால் ஆனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கால்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த அம்சவள்ளி கேட்டாள், அப்போ யாருக்கு ஆயா குத்தறது என்று. நடந்ததைச் சொல்லத்தான் சத்தியம், யாருக்குக் குத்துவது என்று சொல்ல இல்லை என்றேன்.

சுலோசனா வரிசையில் நாலு ஆள் தள்ளி இருந்தாள். மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

23-2-86, ஞாயிறு

குத்தினேன். ஏணிக்குத்தான்.

மன்னிச்சுக் குத்தவில்லை. ஓட்டுச் சீட்டில் மன்னிப்புக்கு இடம் கிடையாது. வெயிலில் விழப்போகிற அடுத்தவளுக்காகக் குத்தினேன். அவன் மேல் இருக்கிறது அப்படியே இருக்கிறது. அது என்னோடது.

25-2-86, செவ்வாய்

ராஜவேல் ஜெயித்துவிட்டான், நாற்பத்தொரு ஓட்டில். வேட்டு போட்டார்கள். என் வயசு அறுபதுக்கு மேல் என்று இப்போதுதான் தெரிந்ததாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அர்ச்சுனனின் கங்காணி சொல்லிவிட்டான். ஓட்டு முடியும்வரைக்கும் தெரியாத வயசு.

மெஹரூன்னிசா கடையைத் திறந்திருக்கிறாள். எதிரில் வந்தாள். நான் தெருவை மாற்றவில்லை. பேசவும் இல்லை.

7-7-86, திங்கள்

புருஷன் விட்டுப்போன பெண்களுக்குச் சர்க்கார் உதவிப் பணம் தருகிறதாம், புதுசாக. மனுவோடு தலைவரின் சான்றும் வேண்டும் என்றார்கள். நான் போய் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம், அது என் காகிதம் என்று சொல்லிவிட்டுச் சுலோசனாவே போனாள்.

திரும்பி வந்து அவளாகவே சொன்னாள். ஆபீஸில் நாலைந்து பேர் இருந்தார்களாம். ராஜவேல் மனுவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேனாவைத் திறக்கவில்லையாம். கிராம அதிகாரியை விட்டு எழுதித் தரச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறான்.

"தலைவர்தானே எழுதணும்?" என்றாளாம்.

எழுதியிருக்கிறான். காகிதத்தை வாங்கி நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"மேற்படி சுலோசனா 1971ஆம் வருடம் தன் கணவர் ராஜவேல் என்பவரால் எந்தக் காரணமும் சொல்லப்படாமல் கைவிடப்பட்டார். இது எனக்கு நேரில் தெரியும். இப்படிக்கு, ராஜவேல், ஊராட்சித் தலைவர்."

பக்கத்தில் முத்திரை. மை இன்னும் சரியாகக் காயவில்லை. கலைச்சிடாதம்மா என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள்.