கேமராவைக் குடித்த கதை

தெய்ர் அல்-பலாஹ்,
ஞாயிறு காலை

அன்பு மகன் ஹாஸிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் இருக்கிறோம். 'நலமாக' என்று சேர்க்கப் போனேன். உன் அம்மா, "பொய் எழுதினா காகிதம் போய்ச் சேராது, இருக்கோம்னு மட்டும் எழுதுங்க" என்றாள். ஆகவே இருக்கிறோம்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் லைன் கிடைத்தால் நீ "பாபா, நல்லா இருக்கேன், சார்ஜ் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். ஆம்புலன்ஸ் ஓட்டும் ஸாலிமுக்கு வடக்கே வர அனுமதி கிடைத்திருக்கிறதாம். அவன் சட்டைப் பையில் இது வருகிறது. எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்.

டாக்ஸி நின்ற இடத்திலேயே நிற்கிறது. டீசல் இல்லை. கூடாரத்தில் இடம் போதாததால் நான் அதில்தான் படுக்கிறேன். முன் சீட்டைச் சாய்த்தால் ராஜா மாதிரி. போகிற வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டி, "அபூ ஹாஸிம், காஸா நகரத்துக்குக் கிளம்பலாமா?" என்கிறார்கள். "இன்னும் ரெண்டு பேர் ஏறட்டும்" என்கிறேன்.

நீ விட்டுப்போன, 'பிரஸ்' என்று எழுதிய இன்னொரு நீல அங்கியை அம்மா துவைத்துக் கயிற்றில் போட்டிருந்தாள். பக்கத்துக் கூடாரத்து உம்மு ஸப்ரி வந்து, "கோவிச்சுக்காதே அக்கா, மேலேர்ந்து பாக்குறவனுக்கு அந்தப் பெரிய எழுத்து நல்லாத் தெரியும், உள்ளே போட்டுடேன்" என்று கெஞ்சினாள். பாவம், அவளுக்குச் சின்னப் பிள்ளைகள். அம்மா அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பழைய துணி அடைத்துத் தலையணை ஆக்கிவிட்டாள். அதில் தலை வைத்தால் அவளுக்குத் தூக்கம் வருகிறதாம். எப்படி என்று நான் கேட்கவில்லை.

உன் படங்களை யாராவது போனில் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர்கள் படத்தில் இருப்பதைப் பார்க்கிறார்கள். நான் அதை எடுக்க நீ எங்கே நின்றிருப்பாய் என்று பார்க்கிறேன். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவன், தூரம் கணிக்கத் தெரியும். ரொம்பப் பக்கம்டா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடி லுப்னாவைப் பெண் கேட்கப் போனோம். பெரிய பட்டாளமாகப் போக ஆள் இல்லை. நம் தெருப் பெரியவர் ஹாஜ் ஷஃபீக், அவர் தம்பி, நான், இவ்வளவுதான். முன்னால் நின்று கேட்க வேண்டிய உன் பெரியப்பா அங்கே வடக்கில் மாட்டிக்கொண்டதால் அந்த மரியாதை எனக்கு வந்தது. வழியெல்லாம் ஹாஜ் பாடம் எடுத்தார்: "காபி கொடுப்பாங்க. வாங்கிக் கீழே வை. கேட்டது கேட்டபடி கிடைச்சாத்தான் வாயில வைக்கணும். நிபந்தனை போட்டா, தொடாம எழுந்திரு. குடிச்சா அவங்க சொன்னதுக்கு ஒத்துக்கிட்டதா ஆயிடும். உன்னை நம்ப முடியாது, அதனாலதான் சொல்றேன்." நான், "என் கல்யாணத்துக்கு என் அப்பா கோப்பையைக் கீழே வச்சப்போ நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றேன். "அன்னிக்கும் நீ கோப்பையைத்தான் பாத்துக்கிட்டிருந்தே" என்றார்.

அவள் அப்பா அபூ நாஹித்தைத் தெரியும்தானே, கணக்கு வாத்தியார். நல்ல மரியாதை. காபி வந்தது. மகனே, நிஜக் காபி. கொண்டைக்கடலையை வறுத்து இடித்துக் காபி என்று சொல்லிக் குடித்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு, ஏலக்காய் போட்ட நிஜக் காபி. இந்த நாளுக்கென்றே பத்திரப்படுத்தி வைத்திருந்தார்களாம். வாங்கினேன், கீழே வைத்தேன். ஹாஜ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அபூ நாஹித் சுற்றி வளைக்கவில்லை. "பையன் தங்கம். ஆனா கேமராவைக் கீழே வச்சாத்தான் பொண்ணு. என் வீட்டுல கல்யாணக் காபி போடணும்னு ஆசைப்படறேன். சாவு வீட்டுக் கசப்புக் காபி போட எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

ஹாஜ் ஷஃபீக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அது அவன் தொழில், அவனும் போய்விட்டால் அங்கே நடப்பதை யார் காட்டுவது என்று. நன்றாகத்தான் பேசினார். நடுவில் என் கை போனது. கோப்பை வாய்க்கு வந்தது. குடித்துவிட்டேன், அடி மண்டி வரைக்கும்.

ஹாஜின் பேச்சு பாதியில் நின்றது. அபூ நாஹித் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். திரைக்குப் பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள். சம்பந்தம் முடிந்ததென்று ஃபாத்திஹா ஓதினோம். ஹாஜ் என் காதில், "பாவி, உன் பையனோட கேமராவைக் குடிச்சுட்டியே" என்றார். அதிலிருந்து முகாமில் எனக்கு அதுதான் பெயர். தண்ணீர் வரிசையில் நின்றால், "இவர்கிட்ட ஜாக்கிரதை, குடத்தையும் குடிச்சிடுவார்" என்கிறார்கள்.

பெரியவர்கள் முன்னால் குடித்தது குடித்ததுதான். வாக்கு என்னுடையது, கேமரா உன்னுடையது. என்னுடையது இல்லாததை நான் கொடுத்துவிட்டேன். நீ மாட்டேன் என்றால் என் வாக்கு போகும், பெண்ணும் போவாள். அதனால்தான் மற்றவர்கள் வாயால் தெரிவதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

கை தவறிவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏலக்காய் வாசம் இழுத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். உனக்கும் அதையே எழுதுகிறேன். உன் அம்மா மட்டும் கேட்கவில்லை. அன்று மாலை என் தட்டில் அவளுடைய ரொட்டியும் இருந்தது.

மறுநாள் லுப்னாவை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். உன் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போட இடம் கொடுத்தாளே, அதே வார்டில்தான் இன்னும் நர்ஸ் வேலை. திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு, "மாமா, நிபந்தனை எங்க பாபாவோடது. கீழே வைன்னு நான் சொல்ல மாட்டேன். வைக்காதேன்னும் சொல்ல மாட்டேன். அவரே வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்" என்றாள். இன்னும் ஒரு கோப்பைக்குத் தூள் மீதி இருக்கிறதாம். உனக்கென்று முடிந்து வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டக்கூட மாட்டாளாம்.

உன்னோடு வேலை பார்த்த ரஷாத்தின் தகப்பனார் நாலு கூடாரம் தள்ளி இருக்கிறார். மகன் போன பிறகும் அவரை அபூ ரஷாத், ரஷாத்தின் அப்பா, என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது? கூப்பிடும்போது அவர் திரும்புகிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, கோபம் இருந்தால் ஸாலிமிடம் பதில் எழுதி அனுப்பாதே. வழி திறந்ததும் நேரில் வந்து, எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு. லுப்னா உனக்கென்று போடப்போகும் அந்தக் கோப்பையை நீ குடித்தாலும் சரி, தொடாமல் கீழே வைத்தாலும் சரி. உன் கையால் வை.

அல்லாஹ் உன் காலடியில் இருக்கிற தரையைக் கெட்டியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெயரைச் சொல்லி ஊர் கூப்பிடுகிற,
அபூ ஹாஸிம்