இடது காதில் சுவர்

ஜனவரி 9

அன்புள்ள நெட்டை,

நலம்தானே? விடுதி அறையை விட்டு வந்தபின் நீ குண்டாகிவிட்டாய் என்று கேள்வி. நம்ப மறுக்கிறேன்.

ஓர் உதவி. கணினி விளையாட்டு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் விளையாட்டைத்தான் சொல்கிறேன். மாறிக்கொண்டே இருக்கும் வீட்டுக்குள் ஒருத்தி வாசலைத் தேடுகிறாளே, அது. இத்தனை நாள் நீ நிரல் எழுதினாய், நான் அறைகளை வரைந்தேன். இனி நானும் எழுதலாம் என்று ஓர் ஆசை. தொடங்குகிறவளுக்கு எந்த நிரல்மொழி நல்லது? எந்தக் கருவி? இணையத்தில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

தயவுசெய்து கையால் எழுதி அனுப்பாதே. உன் எழுத்து கோழிக் கிறுக்கல். மின்னஞ்சல் போதும்.

உன்,
கோந்து


ஜனவரி 14

கோந்துக் குட்டி,

நான் குண்டாகவில்லை. நாற்காலி சிறிதாகிவிட்டது.

நாள் முழுவதும் யாருடைய சம்பளப் பட்டியலுக்கோ நிரல் எழுதுகிறேன். உன் அஞ்சலை மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, மேலாளர் திரும்பிப் பார்த்தார்.

மொழியைப் பற்றி அதிகம் யோசிக்காதே. எந்த மொழி என்று ஒப்பிட்டே வயதானவர்களை எனக்குத் தெரியும். வண்ணக் கட்டங்களைச் சுட்டியால் இழுத்து ஒட்டும் கருவி ஒன்றை எடு. ஒரு பந்தைத் துள்ள வை. துள்ளினால் போதும். பிறகு நான் பயன்படுத்தும் எஞ்சினுக்கு, நம் விளையாட்டைக் கட்டும் அந்த மென்பொருளுக்கு, வா. அதில் அறைகளைப் படமாகவே அடுக்கலாம். உனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அது சரி, நீ வரைவதாகச் சொன்ன நடைக்கூடம் எங்கே? நம் ஆள் அதன் வாசலிலேயே நிற்கிறாள், பாவம்.

உன்,
நெட்டை


ஜனவரி 29

அன்புள்ள நெட்டை,

கட்டங்கள் சரிப்படவில்லை. இழுத்து ஒட்டுவதெல்லாம் குழந்தைகளுக்கு. உன் எஞ்சினையும் திறந்தேன். எங்கும் பொத்தான்கள். எழுதுகிற மொழியாக ஒன்று சொல்.

பைத்தான் மொழியை முயன்றேன். எல்லாரும் புகழ்கிறார்கள். நல்ல பிள்ளைதான். ஆனால் வரிக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் அர்த்தமே இருக்கிறதாம். கொஞ்சம் பிசகினாலும் முறைக்கிறது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

நடைக்கூடம் வரும்.

கோந்து


பிப்ரவரி 2

கோந்து,

செருப்புக் கடையிலும் நீ இப்படித்தான். கடையையே இறக்கிப் போட வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாய்.

ஒரு கதவின் கைப்பிடியை மணிக்கணக்கில் வரைந்தவள், பொறுமை இல்லை என்கிறாய். அதை நான் நம்ப வேண்டும்.

நேராகவே கேட்கிறேன். என்னோடு செய்யப் பிடிக்கவில்லையா? தனியாகச் செய்யத்தான் மொழி கேட்கிறாயா? அப்படியென்றால் சொல்லிவிடு. கோபித்துக்கொள்வேன். ஆனாலும் சொல்லிவிடு.

நெட்டை


பிப்ரவரி 11

நெட்டை,

இதை எழுதி எழுதி அழித்தேன்.

என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. குழாய் வழியே பார்ப்பது போல. குழாயும் மெலிகிறது. இது நிற்காது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். பாடநூல்களுக்குப் படம் வரையும் வேலையை விட்டுவிட்டேன்.

சுட்டியின் அம்பு எங்கே போனது என்று தேடுவதிலேயே பொழுது போகிறது. எதை இழுத்து எங்கே ஒட்ட? திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்கிறது. உன் கடிதங்களையும் அதுதான் வாசிக்கிறது, நீ திட்டியதைக்கூட வானிலை அறிக்கை போல. வரிக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் அது சொல்வதில்லை.

அண்ணன், "எதுக்கும்மா புதுசா ஒரு தலைவலி? சும்மா பாட்டு கேட்டுக்கிட்டு இரு" என்கிறான். நல்லவன்தான். சும்மா இருக்கத்தான் முடியவில்லை.

நடைக்கூடத்தை வரையத் தொடங்கினேன். ஒரு சுவர் வந்தது. அடுத்த சுவரை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வரையாத எனக்கு அந்த விளையாட்டில் என்ன இடம்? அதனால்தான் மொழி கேட்டேன். அதை விட்டு வெளியே போகாமல் இருக்க.

கோந்து


பிப்ரவரி 20

கோந்தே,

முதல் நாள் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மறுநாள் வேலையில் இறங்கினேன்.

திரையை அணைத்தேன். வாசிக்கும் குரலை என் கணினியிலும் பேசவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பக்கத்து மேசைக்காரன், "என்னக்கா, கரண்ட் போயிடுச்சா?" என்றான். இத்தனை நாள் பழகிய என் எஞ்சினில் ஒரு புதுக் கோப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. தொடங்குகிறவர்களுக்கு எளிது என்று உனக்கு நான் சொன்னதெல்லாம் பார்க்கிறவர்களுக்கு எளிது.

வெற்றிடத்தை வாசிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் வரிக்கு வரி "நாலு இடம், எட்டு இடம்" என்று எண்ணிக் கேட்பதற்குள் எழுத வந்தது மறந்துபோகிறது. நீ லுவா என்ற மொழியை எடு. அங்கே வெற்றிடத்தை யாரும் மதிப்பதில்லை. ஒரு பகுதி முடிந்தால், முடிந்தது என்று ஒரு சொல் வரும். காதில் விழும்.

ஒரு கோப்பு இணைத்திருக்கிறேன். படம் கிடையாது. நடைக்கூடம். காலடி ஓசை, அது சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி. இடது காதில் ஒரு சுவர், வலது காதில் ஒரு சுவர். மோதுவதற்கு முன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு குரல் சொல்லும். ஹெட்போன் போட்டுக் கேள்.

எஞ்சினை மூடி வைத்துவிட்டேன். நீ வரைந்த அறைகளை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். அது என் பாடு.

உன்,
நெட்டை


மார்ச் 15

அன்புள்ள நெட்டை,

லுவா ஒத்துப்போகிறது. தப்பு செய்தால் எந்த வரி என்று சொல்கிறது. அண்ணனைவிட மரியாதையான பிறவி.

உன் நடைக்கூடத்தில் நடந்தேன். பிறகு உன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள், ஆனால் கேள். திரும்பு திரும்பு என்கிறதே, அந்தக் குரலை எடுத்துவிட்டேன். வீட்டில் நாள் முழுக்க அதுதான். "பாத்து நடம்மா, படி இருக்கு." "பாத்தும்மா, கதவு." விளையாட்டிலுமா? மோதட்டும். மோதினால் சுவர் கொஞ்சம் நகரும். கூடத்தின் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது. அதை நம்பி நடந்தால், பாதி வழியில் சொட்டு முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

அண்ணனுக்கு ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில், "ஏய், நான் எங்க இருக்கேன்? சொல்லித் தொலையேன்" என்றான்.

"நடந்து பாரு."

எழுந்திருப்பான் என்று நினைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இந்தச் சுவரு முன்ன இங்க இல்ல" என்கிறான்.

எனக்குத்தான் ஒரு குறை. நானே கட்டியதால் அந்தக் கூடத்தில் நான் தொலைவதில்லை.

அடுத்த அறையை நீ எழுது. எதையும் எனக்காக எளிதாக்காதே. எனக்குப் பயம் வரட்டும்.

உன்,
கோந்து