நிழலுக்கு வரும் மீன்கள்

ஷெடக்கெட் ஆற்றங்கரை, கனெக்டிகட்
25 அக்டோபர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

கொரின் எழுதுகிறேன். இங்கே பெரியம்மா நலம். பள்ளியை விட்டது விட்டதுதான். இப்போது மீன்பண்ணையில் தீவனம் போடுகிறேன். மீன்களோடு பேச வேண்டியதில்லை, அதனால் எனக்குச் சரிப்படுகிறது.

பண்ணையில் முட்டைக்காக வளர்த்த, இனி தேவைப்படாத பெரிய சால்மன் மீன்களைப் போன வாரம் ஆற்றில் விட்டார்கள். நீ வழக்கமாக மீன்பிடிக்க நிற்கும் பாலத்தடி மடுவில்தான். நேற்று உன் தூண்டிலோடு போனேன். என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் எல்லாம் கூட்டமாக வந்துவிட்டன. பண்ணைத் தொட்டியில் நிழல் விழுந்தால் சாப்பாடு அல்லவா? பக்கத்தில் நின்ற டிரோஷே தாத்தா சிரித்தார்.

“என்ன பாப்பா, பந்திக்குக் கூப்பிட்டியா? நான் காலையிலேருந்து தூண்டில்ல இறகால கட்டின பொய் ஈயை வீசுறேன், ஒண்ணுகூட மோந்து பாக்கல!”

பசியோடு வந்ததுகளுக்குக் கொக்கியைக் கொடுக்க மனம் வரவில்லை. வீசாமலே திரும்பினேன்.

ஆறு உறையும் முன் வருவதாகச் சொன்னாயே, எந்த நாள்? ஆற்றில் இறங்கப் போடும் உன் ரப்பர் கால்சட்டையைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் மகள்,
கொரின்


ஏரி விடுதி, மெய்ன்
6 நவம்பர் 1998

கண்ணு கொரின்,

விடுதி முழுக்க வேட்டைக்காரர்கள். அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. இங்கே என்னோடு இருக்கும் ரே உன்னை விசாரித்தான். 21ஆம் தேதி சனிக்கிழமை காலையிலேயே கட்டாயம் வந்துவிடுவேன். தூண்டிலுக்கு ஆரஞ்சு இறகில் ஈ கட்டி வை.

அசடே, தேடி வருகிற மீனை யாராவது விடுவார்களா?

முத்தங்களோடு,
அம்மா


22 நவம்பர் 1998

அம்மாவுக்கு,

நேற்று விடிந்ததிலிருந்து பாலத்தடியில் இருந்தேன். சூப்பும் இரண்டு கோப்பைகளும் கொண்டுபோயிருந்தேன். கரையோரம் பனிக்கட்டி பிடித்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

மதியம் தாண்டியதும் டிரோஷே தாத்தா கேட்டார். “அந்த ரெண்டாவது கோப்பை யாருக்கு?”

“உங்களுக்குத்தான் தாத்தா.”

“அடேயப்பா, இந்தப் பொண்ணு பேசுமா!” என்று வாங்கிக்கொண்டார்.

பிறகு மடுவின் ஓரத்தில் போய் நின்றேன். என் நிழலைக் கண்டதும் மீன்கள் சிதறி ஆழத்துக்கு ஓடின. ஒன்றுகூட வரவில்லை. இனி தீவனம் வராது என்று தெரிந்துகொண்டுவிட்டன.

அதனால் தள்ளி நின்று, நிழல் படாமல் வீசினேன். நீ சொன்ன ஆரஞ்சு ஈயைத்தான் ஒன்று கடித்தது. கொக்கியைக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். மூச்சு வந்ததும் நீந்திப் போய்விட்டது.

உன் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். எனக்கு அளவாக இருக்கிறது. அது என்னிடமே இருக்கட்டும்.

இனி தேதி எழுதாதே அம்மா.

கொரின்