ஓவருக்கு ஓர் ஊர்க்கதை

மும்பை
3.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கூட்டங்கள், ஓர் ஆலோசகர், ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். முடிவில் எங்கள் சேனல் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை எடுத்திருக்கிறது. தமிழ் கமெண்டரியில் இனி ஓவருக்கு ஓர் ஊர்க்கதை சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்காக ஆடியவன் என்பதால் மைக் தந்தார்கள். காஞ்சிபுரத்துக்காரன் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். கோயில் இட்லிக் கதை முதல் வாரமே தீர்ந்துவிட்டது. ஏதாவது எழுதி அனுப்பு. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் இளவரசி பந்து போடும் ஆட்டத்துக்கும் நான்தான் பேசுகிறேன்.

உன் தம்பி,
முத்து

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
10.2.2025

அன்புத் தம்பி முத்துவுக்கு,

போன் செய்தால் "மேட்ச் நடக்குதுக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

கதை எதுவும் இல்லை. உனக்கு மட்டும் ஒரு செய்தி. இளவரசிக்கு வலது தோள் சரியில்லை. தலைவாரக் கை எழும்பவில்லை, நான்தான் பின்னிவிடுகிறேன். என் கல்யாணச் சேலையின் கரையைக் கிழித்து, சட்டைக்குள் தோளை இறுக்கிக் கட்டி அனுப்புகிறேன். ஞாயிறு மாநில அணித் தேர்வாளர்கள் வருகிறார்கள். "மாமாகிட்ட மட்டும் சொல்லுமா, நல்ல டாக்டரு யாருனா தெரிஞ்சிருக்கும்" என்கிறாள்.

டாக்டர் பெயரை எழுது. நீ ஆடிய காலமெல்லாம் உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். அது இன்றுவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

உன் அக்கா,
வடிவாம்பாள்

சென்னை
17.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று கேட்டிருப்பாய். பத்து ஓவர் வரை தாக்குப்பிடித்தேன். காதுக்குள் தயாரிப்பாளர் "கதை எங்க சார்?" என்று பிடுங்கிக்கொண்டே இருந்தார். இளவரசி விக்கெட் எடுத்ததும் வந்துவிட்டது: "கையத் தூக்க முடியல, அம்மா கட்டுன பட்டுக்கரையோட பந்து போட்டுக்கினு இருக்குது பாருங்க எங்க அக்கா பொண்ணு!"

கேமராக்காரர் கெட்டிக்காரர். கழுத்தோரம் சரிகையே தெரிந்தது. அறையில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்கு அடுத்த வருடமும் உறுதி என்கிறார்கள்.

உனக்கு வருத்தம் இல்லையே? டாக்டர் பெயர் அடுத்த கடிதத்தில்.

உன் தம்பி,
முத்து

காஞ்சிபுரம்
3.3.2025

திரு. முத்துக்குமார் அவர்களுக்கு,

ஆட்டம் முடிந்து வந்ததும் "மாமா என்னப் பத்தி பேசுனாராமா?" என்று கேட்டாள். "நல்லா பேசுனாருமா" என்றேன்.

மறுநாள் தேர்வுக்குப் போனவளைத் தேர்வாளர்கள் பந்து போடச் சொல்லவில்லை. மருத்துவச் சான்று கேட்டார்கள். தசை கிழிந்திருக்கிறது. பெயரை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் சேனலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கரையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். டாக்டர் பெயர் எழுத வேண்டாம்.

இளவரசி இன்று முதல் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் போகிறாள். இடது கையால் செய்கிற வேலை.

வடிவாம்பாள்