பீச்சாங்கைக் கத்தி

என் அருமைப் பீச்சாங்கை அண்ணிக்கு,

கோபப்படாதே. உயிரோடு இருந்தபோது இப்படிக் கூப்பிட்டால் கையில் கிடைத்ததை எடுத்து என் மேல் வீசுவாய். இப்போது எதை எடுத்து வீசுவாய்? அந்தத் தைரியத்தில்தான் கூப்பிடுகிறேன்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்று நம் பெருநகரில் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் உன் கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீயே உன் வாயால் யாரிடமும் சொன்னதில்லையே, பாவி!

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அண்ணன் கரும்பு லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டான். நீயும் நானும் அப்போது கட்டு கட்டுகிற ஆட்கள். வெட்டுவது ஆம்பளை, பின்னால் போய்க் கட்டுவது பொம்பளை, இதுதான் ஊர் வழக்கம். அண்ணன் கட்டிலில் கிடக்க, மூன்றாம் நாளே அவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். "அவரு எடத்துல நான் வெட்றேன் மேஸ்திரி" என்று முனுசாமி மேஸ்திரியிடம் நீ சொன்னபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அந்த வாரம் நீ பட்ட பாடு! ஓங்கி வெட்டினால் கத்தி கரும்பில் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரே வெட்டில் சாய வேண்டிய கரும்புக்கு நாலு வெட்டு. "பொம்பள கை, அதுலயும் பீச்சாங்கை, எங்க ஏறும்?" என்று சிரித்தார்கள். நானும்தான் சொன்னேன், "அண்ணி, பேசாம சோத்துக் கையால வெட்டிப் பயகிக்கோயேன்" என்று. அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கத்தியை என்னிடம் கொடுத்து, "இந்தா, நீ வெட்டுடி" என்றாய். வலது கையால் வெட்டினேன். சரக்கென்று சாய்ந்தது. நீ கத்தியைத் திரும்ப வாங்கி, அலகின் இரண்டு பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்தாய். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் மட்டும்தான் சாணை பிடித்த சரிவு. "கை மேலயும் தப்பில்ல, கத்தி மேலயும் தப்பில்ல. இது சோத்துக் கைக்குன்னு பண்ண கத்திடி. என் கைல சரிவு திரும்பிக்கினு போவுது" என்றாய். தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டுகிற ஊரில் இதை ஒருத்தரும் யோசித்ததில்லை அண்ணி. யோசிக்கிற தேவையே அவர்களுக்கு வரவில்லை.

மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறி உத்திரமேரூர்ப் பட்டறைக்குப் போனோம். லாரி ஸ்பிரிங் பட்டையில் புதுக் கத்தி, சாணை மட்டும் மறுபக்கம் வேண்டும் என்றதும் ஆசாரி உன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, கண்ணாடில பாத்துக்கினு கேக்குறியா?"

"கண்ணாடில பாத்த மாரியே பண்ணிக் குடுங்க. என் கையும் அப்டித்தான் கீது."

நீ விட்டாயா அந்த மனுஷனை? அண்ணன் கத்தியைவிட நீளம் நாலு விரல் குறைவு, எடை நுனிப்பக்கம், பின்பக்கம் கரும்பின் காய்ந்த சோகையை உரிக்க ஒரு கொக்கி. பிடிக்கு அவர் எடுத்த கட்டையை வேண்டாமென்று தள்ளிவிட்டு வாகைக் கட்டையைப் பொறுக்கினாய். உன் உள்ளங்கை அளவுக்கு அதை இழைக்கச் சொல்லி மூன்று தடவை பிடித்துப் பார்த்தாய். கல்யாணப் புடவைகூட நீ அவ்வளவு நேரம் பார்த்து எடுத்திருக்க மாட்டாய்.

உறை தைத்தது மட்டும் நான். பழைய செருப்புத் தோலை மடித்துக் கோணி ஊசியால் தைத்தேன். அண்ணனின் பழைய சட்டையைப் புடவைக்கு மேலே போட்டு, பெல்ட் கட்டி, உறையை இடது இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நீ நின்ற அழகு! ஆனால் நான் மடையச்சி, கூர் உட்காருகிற பக்கமே தையலைப் போட்டிருந்தேன். இரண்டே நாளில் கூர் நூலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து உன் தொடையைக் கிழித்தது. நான் அழ, நீ மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டு என்னைத் திட்டினாய். "அயுது இன்னா பிரயோஜனம்? கூருக்கும் நூலுக்கும் நடுவுல ஒரு தோல் பட்டைய வெச்சுத் தைடி." வைத்துத் தைத்தேன். மேலே செம்பு ஆணியும் அடித்தேன். அந்த உறை அதற்கப்புறம் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த வருஷ வெட்டின் முதல் நாள். கத்திகளை எல்லாம் கழனி மூலையில் வரிசையாக வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, மேஸ்திரி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பேர் கூப்பிட்டு, கத்தியை எடுத்தவன்தான் அந்த வருஷத்து வெட்டு ஆள். எல்லாரும் எடுத்தாயிற்று. உன் கத்தி மட்டும் கிடந்தது.

"ஏழுமலை!" என்றார் மேஸ்திரி.

அண்ணன் பேர். நீ அசையவில்லை.

"ஏழுமலை கத்தி. வந்து எடும்மா, நேரமாவுது."

"அது அவரு கத்தி இல்ல மேஸ்திரி. அவரு கத்தி வூட்ல கீது. இது என் கத்தி."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. பொம்பள பேரக் கூப்புட்ற வயக்கம் கெடையாது."

"ஒண்ணுன்னா நீங்க எடுத்து ஒரு கரும்ப வெட்டுங்க. சாஞ்சுதுன்னா நான் பேசாம கட்டு கட்டப் போறேன்."

அண்ணன் இன்னும் கோல் ஊன்றித்தான் நடந்தான். உன்னைத் துரத்திவிட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? மேஸ்திரி மீசையைத் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்து ஓங்கி வெட்டினார். வழுக்கியது. மறுபடி ஓங்கினார். தோல்தான் உரிந்தது. முப்பது வருஷம் கரும்பு வெட்டிய கை! கழனியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார், நல்ல மனுஷன். கத்தியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"கன்னியம்மா!"

நீ போய் இடது கையால் எடுத்தாய். வரிசையில் இடது கோடி, வரப்போரம், முள்ளும் பாம்பும் இருக்கிறதென்று யாரும் நிற்காத இடம். அங்கே நின்றால்தான் உன் வீச்சு யார் மேலும் படாது என்று நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். மத்தியானத்துக்குள் உன் பங்குக் கரும்பு வரிசையை முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாய். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை அண்ணி. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் அண்ணனிடமும் சொன்னேன். அவன் உன் கத்தியை வாங்கி எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தான்.

இனி நேற்றைய சேதி. நானும் கத்தி செய்துகொண்டேன், தெரியுமா? அதே ஆசாரி. என் கைக்கு வலதுபக்கச் சாணை, வாகைப் பிடி, உள்ளே பட்டை வைத்துத் தைத்த உறை. மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். என்னையும் என் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், புருஷன் பேரையோ அண்ணன் பேரையோ சொன்னால் நகரமாட்டேன் என்று.

கற்பூரம் காட்டினார். ஒவ்வொருவராக எடுத்தார்கள். என் முறை வந்தது. மேஸ்திரிக்கு வயசாகிவிட்டது, என் பேர் சட்டென்று வாயில் வரவில்லை. கொஞ்சம் தடுமாறினார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார்.

"கன்னியம்மா நாத்தனா!"

நீயாக இருந்தால் அசையாமல் நின்றிருப்பாய். நானும் நின்றிருக்க வேண்டும். ஆனால் கால் நிற்கவில்லை அண்ணி, ஓடிப்போய் எடுத்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பின்னால் கட்டு கட்ட வந்திருந்த அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

திட்டாதே. அடுத்த வருஷம் என் பேரைச் சொன்னால்தான் எடுப்பேன், இது உன் மேல் சத்தியம். இந்த ஒரு வருஷம் மட்டும் இந்தப் பேரோடு வெட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கன்னியம்மா நாத்தனார்