பக்கம் 160: ஆற்று மட்டம்

அக்டோபர் 14, செவ்வாய்

ஆற்றில் நீர் ஏறுகிறது. நீர்மட்டம் அளக்கும் நிலையத்தில் காலைப் பணியில் இருந்தவர் தொலைபேசியில் உறுதி செய்தார். உடனே எங்கள் டிவி நிலையத்தின் எழுத்துச் சேவையில், அதாவது திரையில் வாசிக்கும் தகவல் பக்கங்களில், 160ஆம் பக்கத்தை மாற்றினேன்: “மட்டம் ஏறுகிறது. கரையோரம் இருப்பவர்கள் கவனம்.” அலுவலகத் திரையில் பக்கம் வந்ததையும் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் அக்கா செல்பேசியில் எழுதியிருந்தாள்: “கீழ்ப்படி வரைக்கும் தண்ணி. உன் பக்கத்துல மட்டம் சாதாரணம்னு போட்டிருக்கு. ஆறு பொய் சொல்லுதா, நீ சொல்றியா?”

அக்டோபர் 15, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வடிந்துவிட்டது. வாசலில் சேறு.

நாற்பது தாண்டியபின் வந்த ஒரு காய்ச்சலில் அக்காவுக்குக் காது போய்விட்டது. பேச்சு அப்படியே இருக்கிறது, அதட்டலும். மழையா, பேருந்து ஓடுகிறதா, எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு அந்தப் பழைய டிஜிட்டல் டிவியில்தான். ரிமோட்டில் எழுத்துப் பொத்தானை அமுக்கிப் பக்க எண்ணைத் தட்டினால் படித்துக்கொள்ளலாம். அந்த தைரியத்தில்தான் அத்தான் போன பிறகும் ஆற்றோரம் தனியாக இருக்கிறாள்.

160ஐப் போட்டுக் காட்டினாள். மட்டம் சாதாரணம் என்றே இருந்தது. மேலே இன்றைய தேதி. கடிகாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

“கடிகாரம் ஓடினா பக்கம் புதுசுன்னு உங்க உதவிப் பக்கத்துலதான்டா எழுதியிருக்கு.”

எழுதியிருக்கிறது. நாங்கள்தான் எழுதினோம்.

ஆன்டெனா வயரைப் பிடுங்கிச் செருகினேன். அலைவரிசைகளை மறுபடி தேடவிட்டேன். மொழித் தேர்வைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கி, சின்னச் சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருந்து போட்டேன். சரியான பக்கம் வந்தது: “மட்டம் இறங்குகிறது.” ஆபீசுக்குப் போன் செய்து பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள். இங்கே கடிகாரம் மட்டும் நகர்ந்தது.

அதற்குள் அவள் மகன் அழைத்தான். “போதும் மாமா. எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு. மாசக் கடைசியில வண்டியோட வர்றேன், சாமானை ஏத்திரலாம்.”

அவன் சொன்னதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். “அங்க எல்லாரும் தங்கமானவங்கதான். ஆனா வாயை அசைச்சு அசைச்சுப் பேசியே என்னைக் கைக்குழந்தை ஆக்கிருவாங்க.”

மட்டம் ஏறினால் நானே செல்பேசியில் செய்தி அனுப்புகிறேன் என்று எழுதினேன்.

“நீ தூங்கிட்டா? லீவுல போயிட்டா? எனக்கு மழை தெரியறதுக்கு உன் தயவு எதுக்குடா? ஊருக்கெல்லாம் வர்றது எனக்கும் வரணும். அவ்வளவுதான் கேக்கறேன்.”

பென்சிலை எடுத்து, டிவியின் பின்னால் இருந்த மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

எங்கள் ஒளிபரப்புப் பொறியாளரைக் ‘கோபுரம்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மேலேறினால் இறங்க மாட்டார்.

“எங்க கருவியில எல்லா விளக்கும் பச்சை சார். டிவியை மாத்தச் சொல்லுங்க.”

“உங்களுக்கு எப்பவும் பச்சைதான். எங்கக்கா வீட்டு வாசல்ல சேறு.”

“மாடல் எண் அனுப்புங்க” என்றார்.

அக்டோபர் 18, சனி

கோபுரத்திடமிருந்து பதில் இல்லை. மழையும் இல்லை, நல்லவேளை.

அக்டோபர் 20, திங்கள்

காரணம் தெரிந்தது. கோபுரம் சொன்னது, எனக்குப் புரிந்தவரை:

பக்கம் மாறும்போது ‘மாறியிருக்கிறேன்’ என்று ஒரு குறியும் அதோடு போகும். போன மாதம் வாங்கிய புதிய ஒளிபரப்புக் கருவி அந்தக் குறியை வேறு இடத்தில் வைத்து அனுப்புகிறது. பழைய டிவிகளின் கண்ணில் அது படுவதில்லை. முதலில் வந்த பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கும்வரை அதையே காட்டுகின்றன. மேலே ஓடும் கடிகாரம் தனியாக வருவது. அது எப்போதும் ஓடும்.

ஆக, கடிகாரம் எதற்குமே சாட்சி இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

உதவிப் பக்கத்தில் திருத்தம் போட்டேன்: கடிகாரத்தை நம்பாதீர்கள், தினமும் பிளக்கைப் பிடுங்கிப் போடுங்கள். போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. யாருக்கு இந்தத் திருத்தம்? பக்கம் மாறாத டிவி வைத்திருப்பவர்களுக்கு. அவர்களுக்கு இந்தப் பக்கமும் மாறாதே! முப்பது வருஷமாகத் திருத்தம் போட்டிருக்கிறேன் — போய்ச் சேர வேண்டியவனுக்கு மட்டும் போய்ச் சேராத திருத்தம் இதுதான் முதல்.

செய்தி ஆசிரியரிடம் போனேன். படத்தின் அடியில் ஓடுகிற வரியில் போடலாம் என்றேன்.

“அது அவசரத்துக்கு வச்சிருக்கறதுய்யா. டிவி ரிப்பேரெல்லாம் அதுல ஓட்டுவாங்களா?”

“ஆத்தங்கரையில ஒருத்தர் பழைய மட்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா அது ரிப்பேரா சார்?”

சாயங்காலச் செய்தியில் வரி ஓடியது.

அக்டோபர் 22, புதன்

காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. காது கேட்காதவர்களுக்காக வீட்டிலுள்ளவர்கள் பேசினார்கள். ஒரு அம்மாள், “ரெண்டு வாரமா ஒரே செய்தி. நாடு நல்லா இருக்குன்னு நிம்மதியா இருந்தோம்” என்றார். சிரித்துவிட்டேன். போனை வைத்தபின்னும் சிரிப்பு அடங்கவில்லை, அது நல்ல சிரிப்பாகவும் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

கோபுரம் குறியைப் பழைய இடத்திலும் சேர்த்துப் பரிசோதனையாக அனுப்பினார். கடைக்காரர் ஒருவரிடம் பழைய டிவிகளைக் கடன் வாங்கி ஆபீஸ் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தோம். ஒன்று விடாமல் பக்கத்தை மாற்றின. கோபுரம் கீழே இறங்கி வந்து நேரில் பார்த்தார்.

அக்கா எழுதினாள்: “என்னுது மாறல.”

அக்டோபர் 28, செவ்வாய்

அக்காவின் மாடலுக்கு, பிளக்கைப் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. கம்பெனி அதற்கான மென்பொருளை நிறுத்தி வெகுகாலமாகிறது என்றார் கோபுரம். “என்னால ஆனது இவ்வளவுதான் சார்.” குரல் இறங்கியிருந்தது. அவர்மேல் எனக்கு என்ன கோபம்? ஊருக்கெல்லாம் சரியாச்சு — அவளுக்கு மட்டும் ஏன் ஆகல? அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதானே.

அக்கா மகன் வருகிற சனிக்கிழமைக்கு வண்டி பேசிவிட்டானாம்.

அக்டோபர் 29, புதன்

அக்காவிடம் நேரில் போய் எழுதிக் காட்டினேன், கூட்டாமல் குறைக்காமல். இரண்டு முறை படித்தாள்.

“அப்ப இந்த டிவிதான் ஆகாது?”

தலையாட்டினேன்.

“டிவியைத்தானே மாத்தணும்? என்னை எதுக்கு மாத்தறீங்க?”

அதையே செல்பேசியில் தட்டி மகனுக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை நான் இருக்கவில்லை. மாலைப் பணி இருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

நீர்மட்ட நிலையத்தின் காலை அறிக்கை: மட்டம் சாதாரணம். பக்கம் 160 மாற்றப்பட்டது.

மகன் அழைத்தான். வெகுநேரம் வேலை, மழை என்று ஏதேதோ பேசினான். பிறகு, “மாமா, அம்மா வீட்டுல டிவி வைக்கிற அலமாரி எவ்வளவு அகலம்? அளந்து சொல்றீங்களா?” என்றான்.

“வண்டி?”

“வேண்டாம்னு சொல்லிட்டேன். டிவியை நானே கார்ல வச்சு எடுத்துட்டு வர்றேன்.”

புதுப் பெட்டி சனிக்கிழமை காலை வருகிறது. பத்து மணிக்கு நான் இங்கிருந்து 160இல் ஒரு சொல்லை மாற்றுவதாக ஏற்பாடு. அங்கேயும் மாறியதா என்று அக்கா பார்த்து எழுத வேண்டும். அதுவரை எதுவும் உறுதியில்லை.