வடக்கு மூலைப் பாத்தி

ஷெஃபீல்ட்,
27 பிப்ரவரி 1994

அன்புள்ள நார்மன்,

விட்பியில் உன் அண்ணன் வீட்டில் சுகமாய்த்தான் இருப்பாய். எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. காரணம் கேட்டால் சிரிப்பாய். நகரசபையில் நீ வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத் துண்டை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். "உங்க வீட்டுக்காரர்தான் அக்டோபர்லயே போயிட்டாரே, வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?" என்று தோட்டக்காரர் சங்கச் செயலாளர் இளித்தார். விட்டுக்கொடுப்பேனா? ஏப்ரலில் வந்து பார்ப்பார்களாம். அதற்குள் நிலத்தைப் பண்படுத்தாவிட்டால் பிடுங்கிக்கொள்வார்களாம்.

பகலில் பள்ளிச் சமையலறை, மாலையில் ஆஸ்பத்திரிச் சலவை. எனக்கென்று இருப்பது ஞாயிறு காலை மட்டும்தான். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாதவள். பள்ளியில் என்னோடு வேலை செய்யும் டோரீனின் மருமகன் பவர் டில்லரோடு வந்து ஒரே காலையில் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக்கிவிட்டான். வடக்கு மூலையில் காய்ந்த குச்சிகளோடு சும்மா கிடந்த பாத்தியையும் விடவில்லை. அதிலிருந்து சிலந்தி மாதிரி வேர்கள் வந்தன. பொறுக்கி எரித்துவிட்டேன்.

பக்கத்துத் துண்டு ஸ்டான்லி டீக்கோப்பையோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!" என்றார். அதோடு திரும்பிப் போய்விட்டார். அவருக்கு என்ன வந்தது?

பெரில்


விட்பி,
2 மார்ச்

பெரில்,

உன் கடிதத்தைப் பிரித்தபடி உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஐயோ, அது ஆஸ்பரகஸ்! வசந்தத்தில் இளங்குருத்தை வெட்டி வேகவைத்துத் தின்போமே, அதுதான். குளிர்காலத்தில் மண்ணுக்குள் தூங்கும். நட்ட பிறகு மூன்றாம் வசந்தம்வரை ஒரு குருத்தைக்கூட வெட்டக்கூடாது. வாயில் எச்சில் ஊற ஊறப் பொறுத்திருந்தேன். இந்த மே மாதம்தான் முதல் அறுவடை.

கத்தவேண்டும் போலிருக்கிறது. யார்மேல் கத்துவது? ஒரு அற்பச் சண்டைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். பாத்தியைப் பற்றி மட்டும் எங்கே சொல்லியிருக்கப் போகிறேன்!

மறைப்பானேன்? உனக்கு அந்தக் குருத்து என்றால் உயிர். முதல் கற்றையை வெட்டி, அதையே சாக்காக வைத்து உன் கதவைத் தட்டலாம் என்றிருந்தேன். குளிர்காலம் முழுக்க அந்த நினைப்பில்தான் ஓட்டினேன். இனி எந்த முகத்தோடு வருவேன்?

நார்மன்


ஷெஃபீல்ட்,
6 மார்ச்

நார்மன்,

ஸ்டான்லியிடம் போய் அழுதேன். "தூங்கிட்டு இருந்ததைப் போய் கொன்னுட்டியேம்மா, எனக்கே வயிறு எரியுது" என்றார். எரியட்டும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு வேறு இருக்கிறது.

திரும்பி வருவதாக இருந்தாயா? நீயா? இனி வரவே மாட்டாய் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். நம்பிய பிறகும் உன் மண்ணில் இன்னொருவன் கால் வைப்பதைப் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் இடுப்பொடிய அதிலே பாடுபடுகிறேன்.

அட மடையா! ஒரு செடிக்காக மூன்று வருடம் வாயைக் கட்டினாய். என்னோடு உட்கார்ந்து பேச ஒரு சாயங்காலம் பொறுமை இல்லையா உனக்கு? கட்டியவள் வீட்டுக்கு வர ஒரு சாக்கு வேறு வேண்டுமா?

வரும் சனிக்கிழமை மட்டும் சலவையில் சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே வந்துவிடுவேன். தோட்டத்துப் பக்கம் போகாதே, பார்த்தால் தாங்கமாட்டாய். வெறுங்கையோடு நேரே வீட்டுக்கு வா.

உன்
பெரில்